எட்டாம் புள்ளி

பள்ளத்தூரில், எங்கள் பாகத்து இரண்டாங்கட்டில்
ஆத்தங்குடிக் கல் ஐந்தின் நீளத்துக்கு
ஏழு கோடு இழுத்திருக்கிறேன், சாக்பீஸால்.
முத்துக்கறுப்பாயி அதைச் சுற்றித்தான் கூட்டுவாள்.
"கோலம்னா கோணலா இருக்கு,
கணக்குன்னா எண்ணைக் காணோம்"
என்றாள் முதல் நாள். பிறகு கேட்கவில்லை.

கோடு ஏழும் கம்பி.
ஓரத்தில் பதின்மூன்று புள்ளி.
சீனத்துக் குச்சின் எனக்கு
இப்போதைக்கு இவ்வளவுதான்.
வாத்தியம் பத்து மாதமாய்ச் சுங்கத்தில் கிடக்கிறது.
மரச்சாமானா, பழசா, புதுசா என்று வந்த கடிதத்துக்கு
மூன்று பதில் போட்டுவிட்டேன்.

பகலில் கூட்டுறவு வங்கி, நகைக்கடன் மேசை.
ராத்திரியில் மிங் காலத்து ஏடு, நகலின் நகல்.
ஒரு எழுத்தைப் பிரித்தால் உள்ளே
இடக்கைக் கட்டைவிரல், ஒன்பதாம் புள்ளி,
வலக்கை நடுவிரல், மூன்றாம் கம்பி.
எல்லாம் சொல்லும்.
எத்தனை நேரம் என்று மட்டும் சொல்லாது.
இமைப்பொழுதா நொடிப்பொழுதா,
மாத்திரையே இல்லாத எழுத்து.
குறிலும் நெடிலும் பிரித்துப் பழகிய எனக்கு
முதல் வருஷம் முழுக்கக் கோபம்.

அதற்காகத்தான் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம்.
லெய்டனில் மார்ட்டைனுக்குப் பிற்பகல்.
சாவ் பாவ்லோவில் தைஸுக்குக் காபி வேளை.
ஹாங்ஜோவில் பேராசிரியர் ஷென் யூலானுக்கு
ராத்திரி ஒன்பது.
இங்கே ஆறரை, சிவன் கோயில் மணி.
ஒரே பக்கத்தை
மார்ட்டைன் நாலு நிமிஷத்தில் வாசித்தான்.
தைஸுக்கு ஆறே முக்கால் ஆயிற்று.
யார் தப்பு என்று யாரும் கேட்பதில்லை.
சண்டையெல்லாம் அடிக்குறிப்பில்தான்.
ஒரு காற்புள்ளிக்காக இரண்டு பேர்
ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு என் முறை.
கைபேசியை முக்காலியில் சாய்த்துத்
தரையைக் காட்டி உட்கார்ந்தேன்.
விரல் நடந்தது.
"உமையாள், உங்கள் ஒலி அணைந்திருக்கிறது"
என்றான் மார்ட்டைன்.
"மைக்கை அழுத்துங்கள்" என்றாள் தைஸ்.
யாரோ கையை ஆட்டினார்கள்.
ஒலி திறந்தேதான் இருந்தது.
பக்கத்துப் பாகத்துக் குக்கர்
மூன்றாம் விசில் அடித்தது
பிரேசில் வரை போயிருக்கும்.
நான் நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஷென் யூலான் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒன்பதிலிருந்து ஏழுக்கு இழுக்கும்போது
எட்டில் கொஞ்சம் நிற்கிறீர்கள். மூன்று தடவையும்.
எந்த உரையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.
உங்களிடம் இருப்பது எந்தப் பிரதி?"

என்னத்தைச் சொல்ல.
மூன்றாங்கல்லும் நாலாங்கல்லும் சேருமிடம் அது.
சிமிட்டி பெயர்ந்து நகம் மாட்டும்.
"தரை" என்றேன். "தரையில் ஒரு இடுக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
எழுதிக்கொண்டார்.
பிறகு தம் வாத்தியத்தை மேசைக்கு எடுத்து
அந்த இடத்தை என் இடுக்கோடு வாசித்தார்.
ஒன்பது. எட்டில்
நின்று,
ஏழு.
இருமலை அடக்கினாற்போல ஒரு சின்னச் சத்தம்,
அவ்வளவுதான்.
"இருக்கலாம்" என்றார், "இல்லாமலும் இருக்கலாம்.
உங்கள் பெயரில் குறிப்புப் போடட்டுமா?"

நகரக்கோயிலில் இந்த மாசம் புள்ளி எழுதுகிறார்கள்.
கல்யாணம் ஆனால்தான் புள்ளி.
நாற்பத்து நாலு வயசில் நான் கணக்கில் இல்லை.
எழுத வந்தவர் வாசலில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு
அடுத்த பாகத்துக்குப் போனார்.
நல்ல மனிதர். டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்,
கல்லிடுக்கெல்லாம் பூசிவிட.
அந்த ஒரு இடம் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.
ஏன் என்பார்.
ஹாங்ஜோவில் ஒரு கம்பி
அங்கேதான் நிற்கிறது என்றா?